துரைக்குக் காட்டிய கடல்

படகில் முதலில் வாந்தி எடுத்தது துரை அல்ல, சிறப்பு அதிகாரி தவசிமுத்து.

படகுக்காரன் அம்புரோஸுக்குப் பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. துரையைப் புரட்டி எடுக்கத்தான் காசிமேட்டிலிருந்து புறப்பட்டதும் படகை வேண்டுமென்றே பெரிய அலைகளுக்குள் விட்டான். துரையோ தொப்பியைக் கையால் அழுத்திக்கொண்டு, ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரிச் சிரித்தார். அதிகாரிதான் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டு உள்ளே இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு, படகின் அடியில் முகத்தில் துண்டைப் போட்டுப் படுத்துவிட்டார்.

கடலுக்கு அடியில் எண்ணெயும் வாயுவும் தேட வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றை இழுத்து வரும் பொறுப்பை அரசாங்கம் தவசிமுத்துவின் தலையில் கட்டியிருந்தது. வெள்ளைக்காரனைப் போ போ என்று அனுப்பி ஒன்பது வருடம்கூட நிரம்பவில்லை. இப்போது வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத குறை. பத்து வருடத்துக்கு வரி கிடையாது, எண்ணூரில் நிலம் இனாம், லைசென்ஸ் ஒரே வாரத்தில். இதெல்லாம் போதாதென்று, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரக் கடலில் யாரும் வலை போடக்கூடாது என்று உத்தரவு வாங்கித் தருவதாகவும் சொல்லிவிட்டார்.

அந்தக் கடைசி வாக்குறுதிதான் அம்புரோஸின் பிழைப்பில் கை வைத்தது. அவனுக்கு இருந்தது அந்தக் கடல் ஒன்றுதான். கம்பெனி அனுப்பிய துரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, சரி என்றால் கம்பெனி வரும், வேண்டாம் என்றால் வராது. சுற்றிக் காட்ட அதிகாரி அமர்த்தியதும் அவன் படகைத்தான். சேதி தெரிந்ததும், தினமும் ஏலத்தில் அவனிடம் மீன் எடுக்கும் சீனியம்மாள் கூடையோடு வந்து நின்றாள்.

"இன்னா அம்புரோசு, நீயே கூட்டிகினு போய்க் காட்டப் போறியா? புருசன் போனப்புறம் இந்தக் கூடைய வெச்சித்தான் எம்புள்ளய படிக்க வெச்சேன். நாளைக்கி இன்னாத்த தூக்குவேன்?"

"பேஜார் பண்ணாத சீனிம்மா. நான் காட்டற காட்டுல அந்தாளு இந்தப் பக்கம் தலவெச்சிப் படுக்க மாட்டான்."

அலை கைவிட்டதால் அம்புரோஸ் இப்போது வாயை நம்பினான். துரைக்குத் தமிழ் தெரியாது, அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் எடுத்துச் சொல்ல அரசாங்கம் அனுப்பிய, அம்புரோஸ் முன்பின் பார்த்திராத ஞானதுரை, கழுத்தில் டையும் காலில் பூட்சுமாக உட்கார்ந்திருந்தான். படகு எவ்வளவு ஆடியும் எதையும் பிடிக்காமல் அவன் சுகமாக உட்கார்ந்திருந்தது அம்புரோஸுக்கு எரிச்சலாக இருந்தது.

"இங்க ஆழமே இல்லன்னு துரைகிட்ட சொல்லுப்பா. நாலு ஆள் ஒசரந்தான். கம்பெனிக்கு இது இன்னாத்துக்கு ஆவும்?"

ஞானதுரை துரையின் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னான். துரையின் முகம் மலர்ந்தது. நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஆழக் குறைவு துரைக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறதே என்று அம்புரோஸ் பயந்தான். பயமுறுத்திப் பார்த்தால் என்ன?

"தோ, அந்தாண்ட தண்ணியில எப்பவும் குமிழி வந்துகினே கீது. கிட்ட போயி பீடி பத்த வெச்சா புஸ்ஸுன்னு புடிச்சிக்கும். உசுருக்கு ஆபத்துன்னு சொல்லு."

ஞானதுரை முன்னைவிட நீளமாகச் சொன்னான். துரை "வெரி குட்" என்றார். அந்த இரண்டு வார்த்தை அம்புரோஸுக்கும் புரிந்தது.

அவனிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான். அதைச் சொல்ல மனசு வரவில்லை, இருந்தாலும் சொன்னான்.

"அடிச்சேறு ஒரே கலீஜு. வலைய தூக்குனா கரேல்னு வருது, மண்ணெண்ண நாத்தம். அந்த நாத்தம் மீன்லயும் ஏறிக்குது. வாயில வெக்க முடியாது."

தன் மீனைத் தானே பழித்தது அவனுக்குச் சுருக்கென்றது. ஞானதுரை கையை ஆட்டி ஆட்டி விளக்கினான். துரை ஐந்து விரலையும் குவித்து உதட்டில் வைத்து முத்தமிட்டு, அம்புரோஸின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கரை சேர்ந்ததும் துரையும் ஞானதுரையும் பேசிக்கொண்டே காரில் ஏறினார்கள். அதிகாரி மணலில் மல்லாந்து கிடந்து கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பெற்றார்.

"என்னடே சொன்ன அவர்கிட்ட? சிரிச்சிக்கிட்டே போறாரே."

அம்புரோஸ் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். தவசிமுத்து எழுந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"ஆழம் கொறச்சல்னா தோண்டுற செலவு பாதி. குமிழின்னா அடியில வாயு. மண்ணெண்ண வாடைன்னா எண்ணெயேதான். ஆறு மாசமா நான் ஃபைல்ல எழுதி முடியாதத நீ ஒரே நாள்ல முடிச்சிட்டியே. ஒனக்கு நற்சான்றிதழ் வாங்கித் தாரேன்."

அன்று வீட்டில் அம்புரோஸ் சோற்றைத் தொடவில்லை.

"ஒடம்பு இன்னா ஆச்சு?" என்றாள் மனைவி ஃப்ளோரன்ஸ்.

"ஒடம்புக்கு இன்னா, நல்லாத்தான் கீது. நம்ம கடலத்தான் நானே வாயால வித்துட்டேன்."

மூன்றாம் நாள் காலை, ஏல நேரத்தில் தவசிமுத்து தொங்கிய முகத்தோடு மணலில் நடந்து வந்தார். நற்சான்றிதழ் எதுவும் கையில் இல்லை.

"துரை கப்பலேறிட்டாரு. இந்தக் கடல்ல கம்பெனிக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் கொடுத்துட்டாரு. வரிய விட்டோம், நிலத்த விட்டோம், இன்னும் என்னத்த விடணும்? ஐஸ் பெட்டியில ரெண்டு வஞ்சிரமும் ஒரு பை மொளகாத்தூளும் மட்டும் வாங்கிட்டுப் போயிருக்காரு."

"அப்ப வலை போடக்கூடாதுன்ற உத்தரவு?"

"கம்பெனியே இல்ல, உத்தரவு எதுக்குடே?"

அம்புரோஸ் சிலுவை போட்டுக்கொண்டு கவிழ்த்து வைத்த கூடைமேல் உட்கார்ந்தான். மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியது. அத்தனை சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு போனதும் அவனுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

"நான் அவ்ளோ சொன்னேனே சீனிம்மா. அத்தினியும் கேட்டுகினு எப்டி வேணாம்னு போனான்?"

சீனியம்மாள் கூடையைத் தலையில் ஏற்றிச் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"நீ சொன்னது அந்தாளு காதுக்குப் போனாத்தானே? இங்க மீன வுட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு, எம்புள்ள ஞானதுரை என் மீன் கொயம்புப் பக்குவத்தயில்ல இங்கிலீசுல எழுத வெச்சிகினு இருந்தான்."