மேட்டின் மேல் தக்காளி

நான்கு வருஷமாகப் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படிக்கிறேன். தங்கியிருப்பது அக்கா வீட்டில். ஆனால் அந்த வீட்டில் மண்ணைப் பற்றிக் கடைசி வார்த்தை சொல்லும் உரிமை அத்தானுக்கு மட்டும்தான். அவருடைய தகுதி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பது.

சட்டைப் பொத்தான் ஒன்று வயிற்றுக்குத் தோற்றுத் தெறித்த அன்று, டேபிள் டென்னிஸ் ஆடி இளைக்கப் போவதாக அத்தான் சபதம் செய்தார். மேசை போட இடம்? சமையலறைக்குப் பின்னால் இருந்த மண்மேட்டை ஆள் வைத்து நேராக வெட்டினார். ஆள் உயரத்துக்கு மண், கத்தியால் கேக் வெட்டியது போலச் செங்குத்தாக நின்றது.

சில வாரம் கழித்து அக்கா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "சுவர் எப்போ கட்டப் போறீங்க?"

"அதுவே சுவர் மாதிரிதானே நிக்குது."

"சரிஞ்சு விழுந்தா?"

"ஒன்றரை மாசமா நிமிர்ந்து நிக்குது. உங்கப்பாகூட ஒரு நாள் அப்படி நின்னதில்லை."

"எங்கப்பா கொஞ்சம் வளைஞ்சு குடுத்ததாலதான் உங்களுக்குப் பொண்ணு கிடைச்சுது."

உண்மையான காரணம் வேறு. சுவர் வந்தால் இரண்டடி போய்விடும். பந்தை எடுக்கப் பின்னால் நகர இடமிருக்காது. அந்த இரண்டடிக்காக ஒரு மனிதர் என் நான்கு வருஷப் படிப்பையும் தள்ளுபடி செய்தார். நான் விடுவேனா?

"அத்தான், அது நிக்கிறது மண்ணோட பலத்துல இல்லை. துகளுக்கு நடுவுல கொஞ்சம் ஈரம், கொஞ்சம் காத்து. அந்த ஈரம்தான் துகளை எல்லாம் இழுத்துப் பிடிச்சிருக்கு. காத்து இருக்கிற இடத்துலயும் தண்ணி புகுந்துட்டா பிடி விட்டுப் போயிடும்."

"நீ புத்தகத்தைப் பாக்கறே. நான் மண்ணைப் பாக்கறேன்."

"எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு?"

சாப்பாட்டு மேசையிலேயே நிரூபித்தேன். ஈர மணலை டம்ளரில் அடைத்துத் தட்டில் கவிழ்த்தேன். அத்தான் தன் கண்ணாடிப் பெட்டியை அதன் மேல் வைத்தார். நின்றது. "பாத்தியா?" என்றார். நான் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் விட்டேன். எட்டாவது ஸ்பூனில் மணல் உட்கார்ந்துவிட்டது. பெட்டி சேற்றில் குப்புறக் கிடந்தது.

"மணல் வேற, மேடு வேற" என்று பெட்டியைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனார்.

சாலைக் கரை போடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். அணை கட்டுகிறவர்கள் பார்க்கிறார்கள். அடைமழையில் மலைச்சரிவு ஏன் இறங்குகிறது என்று கேட்கிறவர்களும் பார்க்கிறார்கள். அத்தான் மட்டும் பார்க்க மாட்டார். நான் பொருமிக்கொண்டிருந்தபோது, தட்டைக் கழுவிய அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நம்ம மேட்டுக்கு எத்தனை ஸ்பூன்டி?"

"தினம் ஹோஸைத் திறந்து விட்டா பத்து நாள் தாங்காது" என்றேன் எரிச்சலில்.

மறுநாள் அக்கா தலைகீழாக மாறியிருந்தாள். "நீங்க சொன்னதுதான் சரிங்க. மேடு கல்லு மாதிரி இருக்கு. மேலே இடம் சும்மாதானே கிடக்கு, தக்காளி போட்டிருக்கேன். எனக்கு முழங்கால் வலி. தினம் நீங்கதான் தண்ணி ஊத்தணும்."

அத்தானின் புன்னகை பாதியில் நின்றது. "தண்ணியா?"

"ஏன், மேடு தாங்காதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தாங்காது என்றால் சுவர். "தாங்கும்" என்றார்.

வெட்டிய இடத்தில் கீரை விதைத்திருப்பதாகச் சொல்லி, யாரும் கால் வைக்காதபடி அக்கா கயிறு கட்டினாள். மேசைகூடக் கீரை முளைத்த பிறகுதான் வரலாமாம். அத்தான் முதல் நாள் மேட்டின் பின்பக்கப் படியில் நின்று, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது போல ஊற்றினார். "செடி வாடுது பாருங்க" என்று அக்கா ஹோஸைக் கையில் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில், அளவு நாடாவோடு கொத்தனார் வந்து நின்றார். அத்தானுக்கு ஒரே குஷி.

"சுவர் கட்டவா வந்தீங்க? நல்லாப் பாருங்க. எட்டு நாளாத் தண்ணி ஊத்தறேன், ஒரு மண்ணு உதிரலை."

கொத்தனார் மேட்டைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார்.

"கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டீங்க. உள்ளே வந்து காபி சாப்பிடுங்க" என்றாள் அக்கா. அத்தான் பக்கம் திரும்பினாள். "நீங்க போய் இன்னிக்குத் தண்ணியை ஊத்திட்டு வந்துடுங்க."

வேற்று மனிதர் முன்னால் எப்படி மறுப்பது? அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படியேறினார். ஹோஸ் சத்தம் கேட்டது. கொத்தனார் பாதி காபி குடித்திருப்பார். விருந்து முடிந்து இடுப்பு வாரைத் தளர்த்துகிறவர் போல மேடு நிதானமாக முன்னால் சரிந்து, கயிற்றுக்குள் அடக்கமாக உட்கார்ந்தது. தக்காளிச் செடிகள் ஆறும் நின்ற வாக்கிலேயே கீழே வந்து சேர்ந்தன. அத்தான் மட்டும் மேலே. கையில் ஹோஸ், இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா நாள் குறிச்ச மாதிரி என்னை வரச் சொன்னீங்க?" என்றார் கொத்தனார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானேன்.

"இதுல என்ன இருக்கு, பாத்தாலே தெரியுதே" என்றாள் அக்கா.

மேலேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "ஏம்மா, சுவர் கட்டினா பின்னால நகர இடம் இருக்குமா?"

"செஸ் போர்டு வாங்கிக்கலாங்க. உட்கார்ந்த இடத்துலயே தோத்துக்கலாம்."