ஒரு ஆள் மேடை

ஐம்பத்து நான்கு வயதில் ஒரு மனிதன் தன்னைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று தீர்மானித்தால், அதற்கு முதலில் உட்கார ஓர் இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஓர் இடம் கிடையாது.

கூடத்தில் உட்கார்ந்து, 'இத்தனை வருடத்தில் நான் என்ன சாதித்தேன்' என்று மனதுக்குள் ஆரம்பிப்பேன். முறத்தில் பூண்டு வந்து மடியில் இறங்கும். வாய்விட்டு நான் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன். முகத்தைப் பார்த்தே, 'சும்மாதானே இருக்கீங்க' என்பாள் மனைவி. மாடிப்படிக்குப் போனால் பெருக்க வருவாள். குளியலறையில் ஐந்து நிமிடம் கூடினால், கதவைத் தட்டி உயிரோடு இருக்கிறேனா என்று விசாரிப்பாள். எல்லாம் அக்கறைதான். ஆனால் இவ்வளவு அக்கறைக்கு நடுவில் யாராலும் ஆழமாக யோசிக்க முடியாது.

ஆகவே ஒரு பெரிய முடிவுக்கு வந்தேன். வீட்டுக்குப் பின்னாலேயே ஏரி இருக்கிறது. தண்ணீர் மேல் எனக்கென்று ஓர் இடம் கட்டிக்கொள்வது.

எனக்கு இது கஷ்டமில்லை. ஏரிக்கரை வீடுகளுக்கு மிதக்கும் மேடை கட்டுவதுதான் என் தொழில். காற்றடைத்த பெரிய மிதவைப் பெட்டிகளை வரிசையாகப் பூட்டி, மேலே மரச்சட்டம் அடித்து, பலகை பாவி, தண்ணீரில் விடவேண்டும். ஓடிப்போகாமல் இருக்க, ஏரியின் அடியில் இறக்கிய கல்லோடு சங்கிலியால் கட்டவேண்டும். கரைக்கும் மேடைக்கும் ஒரு சின்னப் பாலம். ஏரி ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் இறங்கும். முப்பது வருடமாக அடுத்தவர்களுக்குக் கட்டினேன். எனக்கென்று ஒரு பலகைகூட மிதந்ததில்லை.

பத்து நாளில் கட்டி முடித்தேன். மிதவைகளைக் குறைத்து, நிஜமாகவே ஒருவர் மட்டும் நிற்கிற மாதிரி கட்டலாமா என்று முதலில் நினைத்தேன். கை வரவில்லை. தொழில் பழக்கம். நாலு பேர் தாராளமாக உட்காரும்படிதான் கட்ட முடிந்தது. பொய் சொல்ல மட்டும் வாய் வந்தது.

"ஏங்க, ரெண்டு நாற்காலி போடலாமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணு போதும். இது ஒரு ஆள் மேடை."

"இன்னொரு ஆள் ஏறினா?"

"கவிழ்ந்துடும்."

"கால் மட்டும் வச்சா?"

"கால் வச்சாலே சாயும்."

மேடையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி மேடையைப் பார்த்தாள்.

"பாவம், இவ்வளவு நோஞ்சானாவா கட்டுவீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். முப்பது வருடக் குடும்ப வாழ்க்கை எனக்கு ஒன்றுமே கற்றுத்தரவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

மூன்று நாள் சொர்க்கம். காலை ஆறு மணிக்குப் போய் உட்காருவேன். வாழ்க்கை என்றால் என்ன என்று யோசிப்பேன். விடை கிடைக்கவில்லை. ஆனால் யாரும் பூண்டு கொடுக்கவில்லை.

நாலாம் நாள் போனேன். என் நாற்காலியில் அவள். கையில் தேநீர், கால் தண்ணீரில்.

"நீ எங்க இங்க?"

"காத்து வாங்கறேன். நீங்க வராதீங்க, கவிழ்ந்துடும்."

பாலத்தில் வைத்த காலைத் திரும்ப எடுத்தேன். வேறென்ன செய்வது?

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்தேன். அவள் ஐந்தேகாலுக்கே போயிருந்தாள். அதற்கடுத்த நாள் ஐந்துக்கு எழுந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் அவள் பின்னந்தலை தெரிந்தது.

சரி, வீடு காலி, இங்கேயே யோசிப்போம் என்று உட்கார்ந்தேன். கூடம் என்னுடையது. மாடிப்படி என்னுடையது. குளியலறையில் அரை மணி நேரம் இருந்தேன். நான் உயிரோடு இருக்கிறேனா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு யோசனையும் நகரவில்லை. இவ்வளவு நாளும் என்னை யோசிக்கவிடாமல் தடுத்தது அவளா, அல்லது தடுக்க அவள் இருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் நான் யோசிக்கவே உட்கார்ந்தேனா? இந்தக் கேள்வியும் அவளிடம் சொல்லவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பல் வைத்தியர் வேலி ஓரம் வந்து நின்றார். அவர் வீட்டு மேடையும் நான் கட்டியதுதான். உங்கள் மேடை ஒரு ஆளைத்தான் தாங்குமாமே, எங்களுடையது எப்படி என்று கேட்டார். செய்தி தெரிந்த நாளிலிருந்து அவருடைய மாமனாரும் மாமியாரும் முறைவைத்து உட்காருகிறார்களாம். உங்களுடையது பத்து பேரைத் தாங்கும் என்றேன். அப்படியானால் சொந்த வீட்டில் மட்டும் ஏன் இப்படி என்றார். பழைய மிதவை என்றேன். உண்மையைச் சொன்னால் பத்து நிமிடத்தில் அது என் மனைவியிடம் போய்ச் சேரும். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, சொத்தைப் பல்லைப் பார்க்கிற பார்வை.

எட்டாம் நாள் காலை பாலத்தின் கரைமுனையில் போய் நின்றேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்."

"அங்கேருந்தே சொல்லுங்க."

"இது நாலு பேரைத் தாங்கும்."

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். ஆச்சரியப்படவில்லை.

"நான் ஏறி உட்கார்ந்தும் பலகை தண்ணிக்கு மேல ஒரு சாண் நிக்குது. ஒரு ஆள் மேடைன்னா என் கனத்துக்கு விளிம்பு நனைஞ்சிருக்க வேணாமா? முப்பது வருஷமா சாப்பிடும்போதெல்லாம் இதைத்தானே பேசறீங்க."

"அப்ப முதல்லயே தெரியுமா?"

"பார்த்த உடனேயே. மிதவையை எண்ணினா தெரியாதா?"

"ஏன் கேக்கலை?"

"உங்களுக்குன்னு ஒரு இடம் வேணும்போலன்னு விட்டேன். மூணு நாள் ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். நீங்க எங்க யோசிச்சீங்க? வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கினீங்க. நல்ல இடம் வீணாப் போகுதேன்னு நான் வந்துட்டேன்."

பாலத்தைக் கடந்து போய் அவள் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தேன். மேடை இரண்டு விரல் தணிந்து, நின்றது. தன் தேநீரை என் பக்கம் நகர்த்தினாள். கொஞ்ச நேரம் இருவரும் தண்ணீரைப் பார்த்தோம். நான் எதுவும் யோசிக்கவில்லை. நன்றாக இருந்தது.

"நாலு பேரை நிச்சயமாத் தாங்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தொழில்காரனிடம் இப்படிக் கேட்கலாமா? எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நெருக்கி உட்கார்ந்தால் ஆறு பேரைக்கூடத் தாங்கும் என்றேன்.

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்டுலேர்ந்து அஞ்சு பேர் வர்றாங்க. என்னோட ஆறு. நீங்க கரையிலேயே இருந்துக்குங்க."