பச்சை பூத்த சீசு

தகர டப்பாவைத் திறந்தவுடன் நேசையா மூக்கைப் பொத்திக்கொண்டு பங்களாச் சமையல்கட்டை விட்டு வெளியே ஓடிவந்தார். தொழுவத்தில் தவிடு கலக்கிக்கொண்டிருந்த இசக்கியம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னண்ணாச்சி, எலி கிலி செத்துக் கெடக்கா?”

“எலின்னா வீசிட்டுப் போயிருவனே! இது தொரை திங்க சீசு!”

போன கிறிஸ்மசுக்குத் தூத்துக்குடித் துரை, சீமைச் சரக்கு என்று அன்பளிப்பாக அனுப்பிய பாலாடைக்கட்டி அது. விக்கிரமசிங்கபுரத்துத் துரை அதைத் தொடாமல் பத்திரப்படுத்தியிருந்தார். இன்று மத்தியானம் அந்தத் தூத்துக்குடித் துரையே விருந்துக்கு வருகிறார்.

“அவர் தந்த சீசை அவருக்கே பலகையில் அழகாக வைக்கணும். மேசையில் சீசு இல்லை என்றால், நாளைக்கு இங்கே நீ இல்லை” என்று காலையிலேயே சொல்லிவிட்டார் துரை. சொன்னதைச் செய்கிற ஆள். சூப்பில் உப்புக் கூடியதற்கு, முந்தின சமையல்காரனைக் கரண்டியும் கையுமாகத் துரத்தியவர்.

கட்டி முழுக்கப் பச்சை பூத்துக் கிடந்தது. நேசையா கத்தியால் சுரண்டினார். பச்சை போகப் போகக் கட்டியும் போயிற்று. நடுவில் ஓர் ஏலக்காய்த் தோல் அகப்பட்டது. ‘வெள்ளைக்காரனும் ஏலக்கா போடுதானா!’ என்று அதிசயித்து அதைத் தூர எறிந்தார். கடைசியில் மிஞ்சியது ஓர் எலுமிச்சங்காய் அளவு. நாற்றம் மட்டும் துளியும் குறையவில்லை.

மீனைக் கழுவுவதுபோலப் புளித்தண்ணீரில் அலசினார். இருந்ததும் கரைந்து மோர்க்குழம்பாகிவிட்டது.

“கர்த்தாவே!” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

“அவரு பைய வருவாரு. இப்பம் நான் சொல்லுதத கேளுங்க” என்றாள் இசக்கியம்மா. “செவலப்பசு கன்னு போட்டிருக்குல்லா? சீம்பால அவிச்சாக் கட்டியா நிக்கும். வெட்டி வையுங்க. எந்தத் தொரைக்குத் தெரியப்போவுது?”

அவித்தார். கட்டி வெள்ளை வெளேரென்று வந்தது. சீசு மஞ்சளாக அல்லவா இருக்கும்? மஞ்சள்தூளைத் தடவினார். கை கூடிப்போய், சடங்கு வீட்டுப் பெண்போல அது ஜொலித்தது. அதை மறைக்க முருங்கைக்கீரைச் சாற்றை ஈர்க்குச்சியால் தொட்டுக் கோடு கோடாக இழுத்தார். இத்தனை செய்தும் அது நாறவில்லையே! பெருங்காயத்தைக் கரைத்து மேலெல்லாம் பூசினார். இப்போது நாறியது.

பலகைக்கு எங்கே போக? தான் உட்கார்ந்து சாப்பிடுகிற மணைப்பலகையைத் தேய்த்துக் கழுவினார்.

“யண்ணாச்சி, நீங்க குண்டி வச்ச பலகையிலயா தொரைக்குத் தீனி?”

“சத்தம் போடாத தாயி! அவுக ஊருல மட்டும் பலகை என்ன வானத்துலருந்தா வருது?”

சுற்றிலும் மட்டிப்பழம் அடுக்கினார். பிஸ்கோத்துக்குப் பதில் தட்டை.

மேசையில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார். வீட்டுத் துரை ஒரு துண்டை வாயில் போட்டார். பெருங்காயம் ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்தது. துப்ப இடமில்லாமல் விழுங்கினார். நேசையா மனசுக்குள் மூட்டை கட்டத் தொடங்கினார்.

விருந்தாளியோ கண்ணை மூடி மென்றார். “ஆகா! நான் அனுப்பிய அதே சீசு! இருக்க இருக்க ருசி ஏறியிருக்கிறது!” என்று இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

வீட்டுத் துரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமாம், ஆமாம்” என்று தலையாட்டினார்.

வெறும் பலகையோடு சமையல்கட்டுக்குத் திரும்பிய நேசையாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தூத்துக்குடித் துரையோடு வந்திருந்த சமையல்காரர் அகமது மீரான் அங்கே சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். பலகையில் ஒட்டியிருந்த துணுக்கை விரலால் வழித்து நாக்கில் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நேசையாவின் காதருகே குனிந்தார்.

“சீம்பாலு நல்லாத்தான் தெரண்டிருக்கு வே. ஏலக்காய மட்டும் மறந்துட்டீரே! கிறிஸ்மசுக்கு நான் அவிச்சு அனுப்புனதுல கெடந்திருக்குமே, பாக்கலியா?”