பச்சைப் பீரோவுக்குள் போன கண்டக்டர்

அந்த வருடம் ஊரையே ஒரு வார்த்தை பிடித்து ஆட்டியது. மறுசுழற்சி! நல்ல வார்த்தைதான். பழைய பேப்பர், காலி பாட்டில், துருப்பிடித்த தகரம் என்று யோக்கியமாகப் பிழைத்துக்கொண்டிருந்தது. போதாத காலம், ஊர் வாயில் விழுந்தது. போன வருடக் கேள்வித்தாளையே திரும்பக் கொடுத்த வாத்தியார், "மறுசுழற்சி" என்றார். பழைய வாக்குறுதிகளைத் தூசி தட்டிய கவுன்சிலரும் அதையே சொன்னார். கல்யாணத்துக்கு வந்த பரிசுக் கடிகாரம் ஒன்று அட்டை பிரிக்கப்படாமலே பல கல்யாணங்கள் சுற்றி, வாங்கியவர் வீட்டுக்கே திரும்பி வந்ததற்கும் அதுதான் பெயர்.

ஒரு வார்த்தை இவ்வளவு மலிந்தால் அதற்கொரு மகான் முளைக்காமல் இருப்பாரா? முளைத்தார். சுழல்ஞானி! பச்சை அங்கி, பச்சைத் தலைப்பாகை, பல் மட்டும் மஞ்சள். பூட்டிக் கிடந்த அச்சகம் ஒன்றைப் பிடித்து, சுவரோரம் ஆளுயரப் பச்சைப் பீரோவை நிறுத்தினார். பக்கத்தில் ஒரு சக்கரம். மேலே போர்டு: "உலகில் உள்ள அனைத்தும் இங்கே மறுசுழற்சி செய்யப்படும்."

வீட்டின் கெட்ட காலமெல்லாம் பழைய பொருளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். அதைப் பீரோவில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினால் கெட்ட காலம் கரைந்து, பொருள் மறுபிறவி எடுக்குமாம். மிக்சி வைத்தவருக்கு டார்ச் லைட் வந்தது. ஃபேன் வைத்தவருக்குக் குடை.

"சாமி, மிக்சி சுத்துமே, இது சுத்தாதே?" என்றார் ஒருவர்.

"உன் கஷ்டமும் இனிமே சுத்தாது, போ."

கூட்டம் சிலிர்த்தது. கேட்டவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே போனது கனமாகவும் வெளியே வந்தது இலேசாகவும் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும், பாரம் குறைவது என்றால் இதுதான் என்று மகிழ்ந்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். சில்லறை விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. பெரிய விஷயம் என்றால் தாராளமாக ஏமாற்றலாம். அவர் மனைவி தையல்காரி. பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். வெட்டிய யூனிஃபார்ம் துணி கட்டிலெல்லாம் குவிந்து கிடந்தது. துணி வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பியவள், ஜன்னலோரம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து நின்றாள்.

"மிஷின் எங்கங்க?"

"மறுபிறவிக்குப் போயிருக்கு. கரண்ட்ல ஓடுற மிஷினா வரும்னு நெனச்சேன். இது வந்துச்சு." கண்டக்டர் ஒரு சோப்பு டப்பாவை நீட்டினார்.

"இத வச்சு எப்படிக் காலர் தைக்கிறது?"

"அதோட ஆத்மா இதுக்குள்ளதான் இருக்காம்."

அவள் திறந்து பார்த்தாள். ஆத்மா இல்லை. சோப்பும் இல்லை.

"பிளாஸ்டிக் பாட்டில உருக்கினா வாளி வரும். பேப்பரக் கூழாக்கினா அட்டை வரும். அதுக்குப் பேரு மறுசுழற்சி. இரும்பு மிஷின வச்சா பிளாஸ்டிக் டப்பா எப்படிங்க வரும்?"

"உனக்கு நம்பிக்கை இல்ல."

"எனக்கு மிஷின் இல்ல!"

அன்று அடுப்பு பற்றவில்லை. மறுநாள் காலை, "வாங்க, ஞானியப் பாத்துட்டு வரலாம்" என்றாள். மனைவிக்கு ஞானம் வந்துவிட்டதென்று கண்டக்டர் பூரித்துப்போனார். கூட்டத்தின் நடுவே அவள் கணவரை முன்னால் தள்ளினாள்.

"சாமி, எங்க வீட்டுக்காரரு பழசாயிட்டாரு. புதுசாக்கிக் குடுங்க."

"நானா?" என்று அலறினார் கண்டக்டர்.

"நீங்கதானே நம்புறீங்க!"

ஞானிக்கு வியர்த்தது. "மனுசங்கள வைக்கிறதில்லம்மா."

"அனைத்தும்னு போர்டுல இருக்கே?"

"அது... ஆளு விரதம் இருக்கணும்."

"நேத்துலேருந்து இருக்காரு. நான் சமைக்கல."

"எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு!" என்றது ஒரு குரல். "இருங்க, கூட்டிட்டு வந்துடறேன்" என்று இன்னொருத்தி ஓடினாள். மறுத்தால் மானம் போகும். உள்ளே ஒளிந்திருக்கும் தன் மச்சான் ஒரு பச்சைச் சட்டையை மாட்டித் திருப்பி அனுப்பிவிடுவான் என்று கணக்குப் போட்டார் ஞானி. பீரோவைத் திறந்தார்.

தையல்காரி கணவர் சட்டைப் பித்தானில் நூலைக் கட்டி, நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இது எதுக்கும்மா?"

"திரும்பி வர்றது எங்க ஆளுதானான்னு அடையாளம் வேணாமா, சாமி?"

கதவு மூடியது. சக்கரம் சுழன்றது. தையல்காரி கையிலிருந்த நூல்கண்டும் சுழன்றது. நூல் கதவிடுக்கு வழியாக ஓடிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பீரோ ஆழம் ஒரு முழம்கூட இருக்காதே. இவ்வளவு நூல் எங்க போவுது?" என்றார் முன்வரிசையில் நின்ற ஒருவர். அவர் அன்றுதான் முதன்முதலாக யோசித்தார். கொஞ்சம் வலித்திருக்கும்.

அவள் சட்டென்று பீரோவைத் திறந்தாள். காலி! நூல் பின்தகட்டு இடுக்கில் நுழைந்து போயிருந்தது. அவள் ஓங்கி ஓர் உதை விட்டாள். தகடு கதவுபோலத் திறந்துகொண்டது.

பின்னால் ஓர் அறை. ஊரார் மிக்சிகள், ஃபேன்கள், சைக்கிள்கள் எல்லாம் விற்பனைக்குத் தயாராக வரிசையில் நின்றன. நடுவே பெயிண்ட் பிரஷ்ஷோடு மச்சான். அவனுக்கு எதிரே, பாதி பச்சையாகிப்போன தையல் மிஷினைக் கட்டிப்பிடித்தபடி கண்டக்டர்.

"அடியே, நம்ம மிஷின்டி! செத்தே போகல. அப்புறம் எப்படி மறுபிறவி எடுக்கும்?"

அங்கியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார் ஞானி. கண்டக்டருக்குத் தொழில் ரத்தம் கொதித்தது. ஓடிப்போய்ப் படியை மறித்து நின்றார். "டிக்கெட் எடுக்காம யாரும் இறங்கக் கூடாது!"

போலீஸ் வந்தது. ஊர் தன் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டது. குடை வாங்கியவர் மட்டும் வாசலில் தயங்கினார்.

"என்ன இருந்தாலும் சாமி குடுத்த குடை. மழைக்கு ஒழுகலியே!"

"ஒழுகாதுய்யா. அது என் குடை. கடையில பாத்து வாங்கினது" என்று பிடுங்கிக்கொண்டார் பக்கத்து வீட்டுக்காரர்.

பேப்பரை மறுசுழற்சிக்குப் போடுங்கள். பாட்டிலைப் போடுங்கள். தகரத்தையும் போடுங்கள். மூளையை மட்டும் போட்டுவிடாதீர்கள், ஐயா. பல பேரிடம் அது இன்னும் உறை பிரிக்காமல் புத்தம் புதிதாகவே இருக்கிறது.