ரிஜெக்ட் அண்ணாச்சியும் கார் கதவு ரப்பரும்

பிள்ளைகளா, நான் தமிழில் எழுதினால் "டாடி, எழுத்துக் கூட்டிப் படிக்கவே மத்தியானம் ஆயிடும்" என்று முனகுவீர்கள். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள். உலகத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் பிறந்தார். அவரும் செகந்திராபாத் பக்கம் குஷாய்குடா பாக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் தலைக்கு மேல், மாடி வீட்டில்தான் குடியிருந்தார். கடவுளை நம்பாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள்கூடக் கடிகாரத்தை நம்பினார்கள். இவர் கையில் ஒரு கடிகாரம் கட்டி, சட்டைப் பையில் இன்னொன்று வைத்திருப்பார். இரண்டும் ஒரே நேரம் காட்டினால், "ரெண்டும் பேசி வச்சுக்கிட்டு ஓடுது" என்பார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பாக்டரியில் அவருக்குச் சோதனைப் பிரிவு. நாங்கள் உற்பத்தியில் செய்து அனுப்பும் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிவப்பு மசியில் 'ரிஜெக்ட்' என்று முத்திரை குத்துவது வேலை. திருநெல்வேலிக்காரர் என்பதால் ரிஜெக்ட் அண்ணாச்சி என்று பெயர் நின்றுவிட்டது. எனக்கும் அதே ஜில்லா. அதனால் என்னை அவர் கூடுதலாகச் சந்தேகப்பட்டார். "நம்ம ஊர்க்காரனுவள எனக்குத் தெரியாதாடே" என்பார்.

வீட்டிலும் அந்த முத்திரை ஓயவில்லை. பால்காரனை எருமையோடு படிக்கட்டு வரைக்கும் வரவழைத்துக் கண் முன்னால் கறக்கச் சொல்வார். பால்காரன் கையில் குற்றம் கிடைக்காத நாளில் எருமையை முறைப்பார். காய் வாங்கப் பஸ் மாறிப் போவன்பள்ளி மொத்த மார்க்கெட்டுக்குப் போய், மூட்டையின் அடியில் கை விட்டுத்தான் வெண்டைக்காய் எடுப்பார். ஒருநாள் வியாபாரி மூட்டையையே தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தான். அதற்கும் அவர் மேலேயிருந்து எடுக்கவில்லை. "இவனுக்கு என்னயப் பத்தித் தெரிஞ்சு போச்சு" என்று நடுவிலிருந்து எடுத்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு கார் வாங்கினார். செகந்திராபாத்தில் ஒரு மிலிட்டரி ஆபீசரிடமிருந்து, உருண்டை முகத்தோடு ஒரு பழைய கறுப்புக் கார். "நல்ல வண்டின்னா அவன் ஏன் விக்கான்?" என்று அதன் மேல் அவருக்கு ஆயுசுக்கும் சந்தேகம். ஆனாலும் எங்கள் பிளாக்கில் இருந்த ஒரே கார் அதுதான்.

இங்கே உங்களிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும். உங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு குழந்தை உண்டாகி, தங்கவில்லை. அன்றைக்கும் மழை. ஆட்டோ கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் காரியம் கைமீறிவிட்டது. இன்றைக்குக் கடையும் பள்ளிக்கூடமுமாக நிற்கிற ஏ.எஸ்.ராவ் நகர் பக்கமெல்லாம் அப்போது வெறும் பாறையும் முள்ளும்; அவசரத்துக்கு ஒரு வண்டி கிடைக்காது. அதனால் செல்வி, நீ உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது, மழைக்காலம் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. வெட்கத்தை விட்டு மாடி ஏறி, "அண்ணாச்சி, வலி எடுத்தா உங்க காரத் தரணும்" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு ஓட்டத் தெரியுமாடே?"

"தெரியாது அண்ணாச்சி."

"அப்ப சரி. நான் ஓட்டுதேன். ஆனா வண்டி ஒழுகுதே. புள்ளத்தாச்சிய ஈர சீட்டுல உக்கார வைக்க முடியுமா?"

ஒழுகியதற்குக் காரணம் கதவு ரப்பர். மழையும் தூசியும் உள்ளே வராமல் கதவைச் சுற்றி ஓடுமே, அந்தப் பட்டை. கடைக்காரர்கள் பீடிங் என்பார்கள். அது வெயிலில் காய்ந்து, மூலைக்கு மூலை கிழிந்து, சில இடத்தில் ஆட்டுக் காது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. புது ரப்பர் வாங்க இருவருமாக ராணிகஞ்ச் உதிரிபாகக் கடைகளுக்குப் போனோம். அண்ணாச்சி ரப்பரை வளைத்தார், மோந்தார், கடைசியில் லேசாகக் கடித்தார்.

கடைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார். "நக்கோ தோ நக்கோ போலோ சாப். கைக்கு காட்ரே?"

"என்ன சொல்லுதான்?" என்றார் அண்ணாச்சி.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, எதுக்குக் கடிக்கிறீங்கன்னு கேக்காரு."

"பாத்தியா? கடிச்சா அவனுக்குக் கோவம் வருது. அப்ப ஏதோ இருக்கு."

அதோடு புது ரப்பர் ரிஜெக்ட். பழையதையே ஒட்டுவது என்று முடிவாயிற்று. கிழிந்த இடத்தைப் பெட்ரோல் துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, சைக்கிள் டியூப் துண்டை உள்பக்கம் கொடுத்து, பஞ்சர் கடைச் சொல்யூஷன் தடவி ஒட்டவேண்டும். லேசான வேலை. ஆனால் பாக்டரியில் ஒரு சட்டம் உண்டு: செய்தவனே சோதிக்கக் கூடாது. அண்ணாச்சி அதை வேதமாக எடுத்துக்கொண்டவர். தானே ஒட்டினால் வேறொருவர் சோதிக்க வேண்டும். வேறொருவரை நம்ப முடியாது. ஆகவே ஒட்டுவது நான், சோதிப்பது அவர்.

கதவிடுக்கில் காகிதத் துண்டு வைத்து மூடி, வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார். இறுக்கமாகப் பிடித்தது. காகிதம் மோசம் என்றார். ரப்பரில் சுண்ணாம்புக்கட்டி தேய்த்து, கதவை மூடித் திறந்து, எதிர்ப்பக்கம் கோடு முழுதாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். விழுந்திருந்தது. "அது எப்படி ஒரே தடவையில சரியா வரும்?" என்று அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். பிறகு குடையோடு காருக்குள் உட்கார்ந்துகொண்டு, என்னை வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"ஒட்டுனவனே ஊத்துனா எப்படிடே? கை மெதுவாத்தான் போவும். ஏ, இங்க வா" என்று மதினியைக் கூப்பிட்டார்.

மதினி, அதாவது அவர் சம்சாரம், வாளியை வாங்கினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சமைத்ததில் பாதியை இந்த மனிதர் ரிஜெக்ட் செய்திருந்தார். அந்தக் கணக்கையெல்லாம் அந்த ஒரு வாளியில் தீர்த்தாள். நான் எங்கே கதவிடுக்கில் ஏதாவது அடைத்துவிடுவேனோ என்று கண்காணிக்க, அவர் கதவுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தார். தண்ணீர் அந்த வழியே போய், குடையைச் சுற்றிக்கொண்டு, நேரே முகத்தில் அடித்தது.

"ரிஜெக்ட்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அது போகட்டும். மறுநாள் காலையில் பார்த்தால் நான் ஒட்டிய மூலை பிரிந்து கிடந்தது. மறுபடி ஒட்டினேன். மறுபடி பிரிந்தது. அண்ணாச்சி என் நகங்களைப் பார்க்க ஆரம்பித்தார். நானும் சும்மா இல்லை. எதிர் பிளாக்குக்காரர்களையெல்லாம் சந்தேகப்பட்டேன். காரைக் கடக்கிற தபால்காரர்கூட எனக்குக் கள்ளப் பார்வை பார்ப்பதாகத் தோன்றியது. உங்கள் அம்மாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. "என்னங்க, அந்த மனுஷர் காரை நம்பியா நான் இருக்கேன்?" என்று அவள் கேட்டபோது, சொல்யூஷன் டப்பாவை எடுத்துக்கொண்டு மறுபடி காருக்குப் போனேன்.

உண்மையை உடைத்தவள் மதினி. துணி காயப்போட வந்தவள் எங்கள் இருவரையும் பார்த்து, புருஷன் பக்கம் கையைக் காட்டிச் சொன்னாள்: "வேற ஆரு பிய்க்கா? இவியதான். சாப்பிட்டு முடிச்சதும் கீழ போயி, ஒட்டிருக்கா ஒட்டிருக்கான்னு நகத்தால நோண்டிப் பாக்காவ. மேல நின்னு நான்தான் தெனமும் பாக்கேனே."

அண்ணாச்சி தன் நகங்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு, "சோதிக்காம எப்படி இருக்கது?" என்றார். அவர் முகம் அவ்வளவு சிறுத்துப் போய் நான் பார்த்ததில்லை.

கடைசித் தடவையாக நான்கு கதவுகளுக்கும் முழு நீளத்துக்குச் சொல்யூஷன் தடவி ஒட்டினோம். இந்த முறை கை வைப்பதில்லை என்று அண்ணாச்சி மதினியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். ஆனால் தன் சத்தியத்தை அவரே நம்பவேண்டுமே. நான் கை கழுவித் திரும்புவதற்குள் நான்கு கதவுகளையும் இறுக்கி மூடிப் பூட்டி, சாவியை மதினி முந்தானையில் முடிந்துவிட்டார்.

"அண்ணாச்சி, பசை காயுற வரைக்கும் கதவு தொறந்து கிடக்கணும்."

"தொறந்து கிடந்தா எப்படிடே? ராத்திரி என் கை சும்மா இருக்குமா?"

மறுநாள் மத்தியானம் கருப்பாக மூட்டம் போட்டு மழை பிடித்தது. அதே நேரம் உங்கள் அம்மாவுக்கு வலி எடுத்தது. நான் மாடிக்கு ஓடினேன். அண்ணாச்சி சாவியோடு இறங்கினார். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை. காயாத பசை இரவெல்லாம் அழுந்தி, கதவையும் சட்டத்தையும் ஒன்றாகப் பிடித்துவிட்டது. நான்கும் அப்படித்தான். கார் மொத்தமாக ஒரு டப்பா ஆகியிருந்தது.

நான் பின்கதவின் கைப்பிடியை இழுத்தேன். உள்ளே ரப்பர் கிழிகிற சத்தம் கேட்டதும் கை தானாக நின்றுவிட்டது. அத்தனை நாள் பழக்கம்.

"நவுருடே" என்றார் அண்ணாச்சி. வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு காலைக் காரில் ஊன்றி, இரண்டு கையாலும் இழுத்தார். மேலிருந்து கீழ் வரைக்கும் ரப்பர் பிய்ந்து, கதவு திறந்த வேகத்தில் அவர் சேற்றில் உட்கார்ந்தார். எழுந்தவர் அந்த ரப்பரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏறு தாயி" என்றார். முன்கதவோடு மல்லுக்கட்ட நேரமில்லை என்று, பின்பக்கமாக நுழைந்து, அந்தப் பெரிய உடம்போடு சீட்டின் மேல் ஏறித் தாண்டி ஸ்டீரிங் பக்கம் விழுந்தார். வலிக்கு நடுவிலும் உங்கள் அம்மா சிரித்துவிட்டாள்.

வழக்கமாக வழியில் தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்கிக் குச்சி விட்டு ஆழம் பார்ப்பவர். அன்று ஒரு குட்டையிலும் வண்டி நிற்கவில்லை. பிய்ந்த கதவோரம் நான் உட்கார்ந்து முதுகில் மழை வாங்கிக்கொண்டேன். உங்கள் அம்மா உட்கார்ந்த பக்கம் காய்ந்தே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் நீ பிறந்தாய், செல்வி. தாயும் பிள்ளையும் சுகம் என்று டாக்டரம்மா சொன்னார். அண்ணாச்சி என்னை ஓரமாக இழுத்தார்.

"பிள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டியா? மச்சம் கிச்சம் இருக்கா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"மாத்திப்புடுவானுவடே. நீ போயி டீ குடி. நான் இங்கன நிக்கேன்."

ஈர வேட்டியோடு, வார்டு வாசலில் கண் கொட்டாமல் நின்றார். போகிற வருகிற ஒவ்வொரு நர்ஸின் கையையும் பார்த்தார். ஒரு நர்ஸம்மா பயந்துபோய், இவர் யார் என்று என்னிடம் தெலுங்கில் கேட்டாள்: "ஈயன எவரண்டி?"

"மா அன்னய்யா" என்றேன். என் அண்ணன் என்று. அவருக்குத் தெலுங்கு அவ்வளவாக வராது. அதனால் அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

டீ வாங்க, காரில் விட்டிருந்த பிளாஸ்க்கை எடுக்க நான் மட்டும் கீழே இறங்கி வந்தேன். முற்றத்தில் கார் தனியாக நின்றிருந்தது. சாரல் நேரே அந்தப் பின்கதவில் அடித்து, ரப்பர் இல்லாத இடுக்கு வழியாகச் சீட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே அவர் என் பிள்ளைக்குக் காவல் நிற்க, கீழே அவர் வண்டிக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. டீக்குப் போகாமல், அந்த இடுக்கின் மேல் முதுகை வைத்து அழுத்திக்கொண்டு, மழை விடும் வரைக்கும் அங்கேயே நின்றேன்.