தானாக விழும் பட்டைகள் குறித்து

எங்கள் அலுவலகத்தின் முழுப்பெயர் உடைத்தர உறுதிப்பாடு மற்றும் முத்திரை வழங்கல் ஆணையகம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வந்தவருக்குப் பாதிக் கோபம் தணிந்துவிடட்டும் என்றுதான் அப்படி வைத்தார்களோ என்னவோ. ஊரில் யார் கடைக் கண்ணாடிக்குள் சட்டை தொங்கவிட வேண்டுமானாலும் எங்கள் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாமல் தொங்கினால் அது சட்டை அல்ல, அனுமதி பெறாத தொங்கல். நான் அங்கே மூன்றாம் மேசை எழுத்தர்.

என் அண்ணி கம்பளிச் சட்டை பின்னுகிறவர். நூலை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே நீளச் சுற்றி, இத்தனை முழம் சிவப்பு, இத்தனை முழம் மஞ்சள், இத்தனை முழம் பச்சை என்று கையாலேயே சாயத்தில் தோய்ப்பார். காய்ந்ததும் பின்ன ஆரம்பித்தால், நூலை மாற்றாமலே நிறம் பட்டை பட்டையாகத் தானாக விழும். சட்டையின் இரண்டு கைகளையும் நிறத்தின் ஒரே இடத்தில் தொடங்கினால்தான் பட்டைகள் பொருந்தும். அதற்காக அரைக் கண்டு நூலை ஒதுக்கிவிட்டுத் தொடங்குகிற ஆள் அவர். பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் கடைக்குப் பின்னிக் கொடுத்துவிட்டு, இப்போதுதான் சொந்தமாக ஒரு சின்னக் கடை பிடித்திருந்தார். அதன் கண்ணாடிக்குள் தன் கைவேலை தொங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. மாதிரிக்கு ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

எங்கள் அதிகாரியை நாங்கள் முழக்கோல் என்போம். ஒல்லியான, நேரான மனிதர். எதையும் அளக்காமல் விடமாட்டார்.

"என்ன நிறம்மா?"

"மூணு நிறம் சார்."

"படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. சரி, இந்தப் பட்டையெல்லாம் யார் வரைஞ்சு கொடுத்தது?"

"யாரும் வரையல சார். பின்னப் பின்ன தானா விழும்."

முழக்கோல் பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்தால் யாருக்கோ போதாத காலம்.

"தானா விழுதுன்னா, யார் அனுமதியில விழுது?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"உடம்புல பட்டை ரெண்டு விரல் அகலம். கையில நாலு விரல். ஆனா ஒரே நூல்னு சொல்றீங்க."

"உடம்போட சுத்தளவு பெருசு சார், ஒரு நிறம் சீக்கிரம் தீர்ந்துடும். கை சின்னது. அதே நீளம் நூல் நிறைய வரிசை வரும்."

"இது நூலுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரியாத நூல் எப்படிம்மா இடம் பார்த்து அகலத்தை மாத்தும்?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதி அனுப்புங்கள், உரிய பிரிவுக்குச் சேர்த்துவிடுகிறேன். ஐயத்திற்கிடமான பட்டைகளின் மூலத்தைக் கண்டறியும் பொருட்டு மேற்படி சட்டையைப் பிரித்துப் பார்ப்பது என்று உத்தரவாயிற்று.

எங்கள் அலுவலக ஆய்வாளர் நூல் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தார். இரண்டு கடைநிலை ஊழியர்கள் நூலைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்தார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடி நடந்தார்கள். ஒரு கோப்பில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. ஆகவே நிறம் மாறுகிற இடத்திலெல்லாம் கத்தரிக்கோல் விழுந்தது.

"வெட்டாதீங்க சார்," என்றார் அண்ணி. "அந்தத் தொடர்ச்சியிலதான் சார் எல்லாம் இருக்கு."

"தொடர்ச்சி கோப்புல இருக்கும்மா, கவலைப்படாதீங்க," என்றார் முழக்கோல்.

இருநூற்றுப் பன்னிரண்டு துண்டுகள், நிறத்துக்கு ஒன்றாக மூன்று கோப்புகளுக்குள் போயின. நாலாம் நாள் அறிக்கை வந்தது: நூலில் குற்றம் ஏதும் காணப்படவில்லை, சட்டைக்கு முத்திரை வழங்கலாம். முழக்கோல் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு, "எங்கே சட்டை?" என்றார்.

"உங்க கோப்புல," என்றார் அண்ணி.

சட்டை இல்லாமல் முத்திரை குத்த வழியில்லை. எனவே துண்டுகளை இணைத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்குத் தெரிந்தது கோப்புக் கட்டும் முடிச்சு ஒன்றுதான். எது கைக்கு வந்ததோ அதை அடுத்ததோடு போட்டுக் கட்டினேன். பிறகு அண்ணி, ஆய்வாளர் முன்னிலையில், பதிவறையில் உட்கார்ந்து ஒரு வாரம் பின்னினார். நடுவில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்த்தும் நான் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்துகிறது.

சட்டை பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு கை முக்கால்வாசி பச்சை, இன்னொரு கை திட்டுத்திட்டாகச் சிவப்பு, உடம்பெல்லாம் முடிச்சு. அன்றைக்குப் பார்த்து எங்கள் ஆணையகத்தின் இயக்குநர் திடீர் ஆய்வுக்கு வந்துவிட்டார். மேசைமேல் கிடந்ததைத் தூக்கிப் பிடித்து, "இது என்னய்யா?" என்றார்.

முழக்கோலுக்கு வியர்த்தது. "நம்ம மேற்பார்வையில உருவானது சார்."

இயக்குநர் போட்டுப் பார்த்தார். "ரெண்டு கையும் ஒரே மாதிரி இருக்கிற சட்டையை எவன் வேணா போடுவான். இதுல ஒரு துணிச்சல் இருக்கு." மேல்பரிசீலனைக்காக என்று சொல்லி அதைப் போட்டபடியே ஒரு விருந்துக்குப் போனார். அவருக்குக் கீழே இருப்பவர்கள் மறுவாரமே அப்படி ஒன்று தேடி அலைந்தார்கள். ஒரு பத்திரிகை அதற்கு அதிகார முடிச்சு என்று பெயர் வைத்து அட்டையில் போட்டது.

அண்ணிக்கு முத்திரை கிடைத்தது. கடையைத் திறந்தார். வாசலில் வந்து நின்றவர்கள் கண்ணாடிக்குள் பார்த்து, "கை ரெண்டும் அப்படியே ஒத்துப்போகுதே, மெஷின்ல போட்டதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு நல்ல நூலை வெட்டி, தானே முடிச்சுப் போட்டுப் பார்த்தார். ஒரு அம்மாள் அதை விரலால் நெருடிவிட்டு, "இது வீட்டு முடிச்சுங்க," என்று வைத்துவிட்டாள்.

பொதுமக்களின் நலன் கருதி எங்கள் அலுவலகத்தில் பிரிப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. நல்ல சட்டையைக் கொடுத்தால் பிரித்து, வெட்டி, முறைப்படி முடிச்சுப் போட்டுத் தருவோம். காலை எட்டு மணிக்கே வரிசை தெருமுனையைத் தாண்டிவிடும். போன வாரம் அந்த வரிசையின் கடைசியில், நாற்பத்து மூன்றாவது ஆளாக அண்ணி நின்றிருந்தார். கையில் பதினொரு சட்டைகள், ஒவ்வொன்றிலும் பட்டைகள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

"நீங்க ஏன் அண்ணி வெயில்ல நிக்கிறீங்க? உள்ளே வாங்க, நானே முடிச்சுத் தர்றேன்."

"வேண்டாம் தம்பி. வரிசையில நின்னு வாங்கினாத்தான் அசல்னு நம்பறாங்க."

எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. அன்று நான் போட்டிருந்ததும் அண்ணி பின்னிக் கொடுத்த சட்டைதான், இரண்டு கையும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். அதைக் கழற்றி மடித்து, அவருக்குப் பின்னால் நாற்பத்து நான்காவதாக நின்றுகொண்டேன்.