பட்டுக்கடல் உள்வாங்கிய நாள்

இனிமேல் பாத்திரம் தேய்ப்பதில்லை என்று கணேசமூர்த்தி முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம், அடிப்பிடித்த பால் குக்கருக்கு முன்னால். ஒரு கையில் நார். முழங்கை வரை நுரை.

ஊரடங்குக்கு முன்னால் அவர் இப்படியா இருந்தார்? தி.நகர் ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷனுக்கு அவர்தான் ராஜா. மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முந்தியைப் பிடித்து ஒரு வீசு வீசினால் போதும். கல்யாணப் பெண், அவள் அம்மா, அவள் மாமியார் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வாயைப் பிளப்பார்கள். பிரித்துக் காட்டுவது மட்டும்தான் அவர் வேலை. மடிப்பதற்கு வேறு ஆள் உண்டு.

வீட்டிலும் அதே பழக்கம்தான். பேப்பரைப் பிரிப்பார், பாயைப் பிரிப்பார், மிக்சர் பாக்கெட்டைப் பிரிப்பார். மடிக்கிறது, சுருட்டுகிறது, ரப்பர் பேண்டு போடுகிறது எல்லாம் சுந்தரவல்லி.

கடைக்குப் பூட்டுப் போட்டார்கள். அவர் மந்தைவெளி பிளாட்டுக்குள் அடைந்தார். வேலைக்கு வரும் புஷ்பம் பட்டினப்பாக்கத்துக்காரி. அவளையும் கேட்டுக்கு உள்ளே விடவில்லை. ஒன்றரை வயசு மகன் அஸ்வத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மற்ற வேலையெல்லாம் சுந்தரவல்லி பார்த்தாள். பாத்திரம் மட்டும் இவர் தலையில் விழுந்தது. அதைச் செய்வதற்குள் மனுஷர் பாதியாக இளைத்துவிட்டதாக அவரே சொன்னார். தராசு அப்படிச் சொல்லவில்லை.

"வல்லி, நான் ஒரு முடிவு பண்ணிட்டேன்."

"மொதல்ல குக்கர் அடியைத் தேயுங்க. மத்ததைப் பொறவு பாப்போம்."

"நான் கலைஞன் ஆயிட்டேன்."

"எப்பலேருந்து?"

"இப்பத்தான். வெளிய எட்டிப் பாரு. வானத்தைக் கழுவிக் கவுத்து வச்சாப்ல இருக்கு. வண்டி இல்ல, பொகை இல்ல. மந்தைவெளியில கிளி கத்துது! என்னைக்காவது கேட்டிருக்கியா நீ?"

"அது கிளி இல்ல. எதுத்த வீட்டு மிக்ஸி."

"எதுவா இருந்தா என்ன? இயற்கை என்னையக் கூப்பிடுது வல்லி. ஊரே வீட்டுக்குள்ள இருந்து படம் வரையுது, பொம்மை செய்யுது. இயற்கையைக் கொண்டாட வேண்டிய கையி இது. இதுல பாத்திரச் சோப்பு படலாமா?"

சுந்தரவல்லி குழந்தைக்கு மூக்கைத் துடைத்துவிட்டுப் போய்விட்டாள். மனைவி பேசாமல் போனால் தோற்றுவிட்டாள் என்று கணேசமூர்த்திக்கு ஒரு கணக்கு. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் அந்தக் கணக்கு தப்பு என்று அவருக்குப் புரியவில்லை.

நாலைந்து நாள் போனது. சோறு வடித்துக்கொண்டே அவள் போனைப் பார்த்துப் படித்தாள்.

"என்னங்க, பிளாட்டு லேடீஸ் குரூப்புல போட்டி வச்சிருக்காக. 'வீட்டிலிருந்தே இயற்கையைக் கொண்டாடுவோம்.' செகரட்டரி வீட்டு ஸ்வர்ணலதாக்காதான் ஜட்ஜு. ஆம்பளையாளுங்க மட்டும் கலந்துக்கலாமாம்."

கணேசமூர்த்தி நாரைக் கீழே போட்டார்.

"என்ன தலைப்பு?"

"கடல்."

"அப்படிப் போடு! நான் ஜெயிச்சா கடை தொறக்குற வரைக்கும் பாத்திரத்தைத் தொட மாட்டேன். சம்மதமா?"

"சரி."

"தோத்தா?"

"கடை தொறந்த பொறவும் நீங்கதான் தேய்க்கணும்."

"சரி."

அவள் உடனே சரி என்றபோதே அவர் யோசித்திருக்க வேண்டும். கடையில் யாராவது பேரம் பேசாமல் முதல் விலைக்கே சரி என்றால், ஐயோ குறைத்துச் சொல்லிவிட்டோமே என்று அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. அப்படிப்பட்ட மூளை. அதையும் கடையோடு சேர்த்துப் பூட்டிவிட்டார்கள் போல.

"விதி என்னென்ன, படி."

"வெளியிலேருந்து ஒரு சாமானும் வாங்கக் கூடாது. வீட்டுல இருக்கிற துணிமணியிலதான் செய்யணும். பட்டா இருந்தா மினுமினுப்புக்குத் தனி மார்க்கு."

"பட்டா!" கணேசமூர்த்தி எழுந்தே நின்றுவிட்டார். "வல்லி, இது எனக்குன்னே வச்ச போட்டி!"

"அப்படித்தான் தெரியுது," என்றாள் சுந்தரவல்லி.

சனிக்கிழமை காலையில் பீரோ திறந்தது. கல்யாணத்துக்கு எடுத்தது, வளைகாப்புக்கு எடுத்தது, மாமியார் கொடுத்தது, நாத்தனார் கட்டிப் பார்த்துப் பிடிக்காமல் கொடுத்தது என்று ஒரு பட்டுப்புடவை பாக்கியில்லை. ஹால் தரையில் சுத்தமான போர்வையை விரித்து, அதன்மேல் வீசினார் பாருங்கள்! ஆனந்தா நீலம் ஒரு வீசு, அது ஆழ்கடல். மயில்கழுத்து ஒரு வீசு, அது கரையோரத் தண்ணீர். சந்தனக் கலர் மணலாச்சு. அரக்குக் கலர் முகூர்த்தப் புடவையை நாற்காலிமேல் தொங்கவிட்டார், சூரியன் உதித்துவிட்டது. அலை நுரைக்குத் தன் வேட்டியைச் சுருட்டி வைத்தார். முறத்தைக் கவிழ்த்துப் படகாக்கினார்.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஃபேனு ஓடணுமாம், அலை அடிக்கணும்ல. வெயில் படக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் காத்தாடக் கெடக்கணுமாம்."

"எதுக்கு?"

"கடல்னா காத்து இருக்கத்தானே செய்யும்?"

நியாயமாகத்தான் பட்டது. கலைஞர் ஃபேனைப் போட்டார். ஜன்னல் கதவைச் சாத்தி, நிழல் பண்ணினார். அஸ்வத் தத்தித் தத்தி வந்து கடலைப் பார்த்தான்.

"ஏட்டி, புள்ளையைத் தூக்கு! பட்டு, பட்டு!"

சுந்தரவல்லி பாய்ந்து அவனைத் தூக்கி, பட்டைத் தாண்டி நுரைமேல் நிறுத்தினாள். அவன் நின்ற இடத்திலேயே சர்ரென்று விட்டான். வேட்டி நனைந்தது.

"கடல்னா ஈரமும் வேணும்ல," என்றாள் அவள்.

ஏழெட்டு கோணத்தில் படம் எடுத்தார். குரூப்பில் போடச் சொன்னார். சாயங்காலம் ஆச்சு. கையைத் தட்டிக்கொண்டு, காப்பி எங்கே என்று சோபாவில் சாயப் போனார்.

"இன்னும் ஒரு விதி பாக்கி இருக்கு. கடல் உள்வாங்குறதையும் படம் எடுத்து அனுப்பணுமாம்."

"உள்வாங்குறதா?"

"மடிக்கிறது. பழைய மடிப்புல மடிச்சா மார்க்கு போயிரும். மடிப்பு மாத்தி மடிக்கணும்."

கடையில் சேர்ந்து பன்னிரண்டு வருஷமாக மடிக்காத கை அது. கணேசமூர்த்தி ஹாலைப் பார்த்தார். காலையில் அவ்வளவு சின்னதாக இருந்த கடல் இப்போது கண்ணுக்கு எட்டாத தூரம் கிடந்தது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி அந்தப் பக்கத்து முனையை மட்டும் அவள் பிடித்துக்கொண்டாள். நீவுவது, நாலாக்குவது, ஜரிகையை உள்பக்கம் திருப்புவது, மெல்லிய மல் துணியில் சுற்றுவது எல்லாம் அவர். ஆழ்கடல் முடிவதற்குள் இடுப்பு விட்டுப்போச்சு. கரைக்கு வருவதற்குள் கண் இருட்டியது.

கடைசியில் முகூர்த்தப் புடவை வந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் ஜரிகை மெல்ல விட்டிருந்தது. சுந்தரவல்லி அதை விரலால் தடவினாள்.

"இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா ரெண்டாப் போயிருக்கும்."

"மடிப்பு மாத்தாம வச்சா அப்படித்தான் ஆவும். கடையில ஒவ்வொருத்தர்ட்டயும் நான் படிச்சுப் படிச்சுச் சொல்லுவேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை பிரிச்சு, நிழல்ல காத்தாட விட்டு, மடிப்பு மாத்தி..."

சொல்லிக்கொண்டே போனவர் பாதியில் நிறுத்தினார். ஆறு வருஷமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவள் கேட்டது இதைத்தான். லீவு நாளிலும் பட்டையா தொடுவேன், எனக்கு என்ன பைத்தியமா என்று ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னதும் ஞாபகத்துக்கு வந்தது.

"வல்லி..."

"அந்த ஓரம் சுருங்குது பாருங்க. நல்லா நீவுங்க."

மறுநாள் ரிசல்ட் வந்தது. முதல் பரிசு, கணேசமூர்த்தி! சந்தேகமெல்லாம் பறந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டே பால்கனிக்கு ஓடினார், ஊருக்குச் சொல்ல. எதிர் பால்கனியில் எதிர் பிளாட்டு வெள்ளைத்துரை நின்றார். தலை, மீசை, பனியன் எல்லாம் சுண்ணாம்பு.

"அண்ணாச்சி! மொதப் பரிசு எனக்குத்தான்!" என்று வெள்ளைத்துரை முந்திக்கொண்டார்.

"உமக்கா? கடல் நான்தானவே செஞ்சேன்?"

"கடலா? வீட்டுல எனக்கு மேகம்னுல்லா சொன்னாக? அடுப்படி மோட்டுல, தலைக்கு மேல, ஒரே கருப்பு. அதைச் சுரண்டி வெள்ளையடிச்சு, மேகமாவே ஆக்கிட்டேன். மேல் வீட்டு வலியுல்லா பாய்க்கு மலையாம். பரண்ல கெடந்த சாமான் பூராவும் எறக்கி, தொடச்சு, மலை கணக்கா அடுக்கினாரு. பாவம், குனிஞ்சவரு இன்னும் நிமிரல."

"அவருக்கு என்ன பரிசாம்?"

"மொதப் பரிசுதான்."

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு எதிரெதிர் பால்கனிக் கதவுகள் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

இருந்தாலும் கணேசமூர்த்தி மனதைத் தேற்றிக்கொண்டார். பட்டு மடித்தது போனால் போகட்டும். பாத்திரம் தேய்க்கிறது ஒழிந்ததே! கடை திறக்கிற வரைக்கும் இனிமேல் ராஜா வாழ்க்கை. பேச்சு என்றால் பேச்சு. அன்று ராத்திரி சாப்பிட்ட தட்டைக்கூட அவர் தொடவில்லை. சுந்தரவல்லியும் அழுக்குப் பாத்திரத்தை எல்லாம் தொட்டியில் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுச் சிரித்த முகமாகப் படுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் காலிங்பெல் அடித்தது. இடுப்பில் தைலம் மணக்க மணக்கக் கதவைத் திறந்தார். வாசலில் மாஸ்க் போட்டுக்கொண்டு புஷ்பம்.

"இன்னாண்ணா, கோணிக்கினு நிக்கிற? ஒடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல புஷ்பம். போட்டியில ஜெயிச்சிருக்கேன்! இனிமே இந்த வீட்டுல நான் பாத்திரத்தைத் தொட மாட்டேன், தெரியும்ல?"

"நீ ஏண்ணா தொடப் போற? அதான் நான் வந்துட்டேன்ல," என்றாள் புஷ்பம், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "போன வாரமே அக்கா போன் போட்டு சொல்ட்சே. வேலைக்கு வர்றவங்கள உள்ள வுட்றாங்களாம், திங்கக்கெயம வந்துடு, அதுக்குள்ளாற உன்னால முடியாத பெரிய வேலைங்கள அண்ணனே முட்ச்சி வச்சிடும்னு."